குறைந்தது ஒருமுறை

அந்த ஆஸ்பத்திரியில் லேப் கட்டடத்துக்கும் வார்டு கட்டடத்துக்கும் நடுவே நாற்பது தப்படி தூரம். குழாய்க்காரர் அதைக் காலையிலேயே அளந்துவிட்டார். தொழில் பழக்கம் அது. எங்கே போனாலும் கால் தானாக அளக்கும், இத்தனை அடி பைப், இத்தனை எல்போ என்று மனசு முணுமுணுக்கும். நடுவில் ஒரு முற்றம், ஒரு சிமெண்ட் பெஞ்சு, வாடிப்போன செடி ஒன்று. அவர் மனைவியின் ரத்தப் பரிசோதனை முடிவு அந்த நாற்பது தப்படியைத் தாண்ட முடியாமல் ஒன்பதரை மணியிலிருந்து லேப்பிலேயே உட்கார்ந்திருந்தது.

மனைவி மூன்றாம் மாடியில் பதினேழாம் படுக்கையில் கிடந்தாள். வயிற்றில் ஒரு கட்டி உடைந்து உள்ளுக்குள்ளேயே ரத்தம் கசிகிறது, நாலு மணிக்குள் ஆபரேஷன் ஆக வேண்டும் என்று சர்ஜன் அம்மா சொல்லியிருந்தார். ரத்தம் ஏற்றாமல் கத்தி வைக்க முடியாது. அவள் ரத்தத்திலோ ஏதோ எதிர்ப்பொருள் இருக்கிறதாம். கைக்குக் கிடைத்த பையைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றினால் அதுவே ஆளை முடித்துவிடுமாம். எந்தப் பை பொருந்தும் என்று லேப் பார்த்துச் சொல்ல வேண்டும். லேப் பார்த்துச் சொல்லிவிட்டது. வார்டுக்குத்தான் கேட்கவில்லை.

குழாய்க்காரர் லேப் ஜன்னலில் போய் நின்றபோது, உள்ளே இருந்த லேப்காரம்மா ஃப்ரிட்ஜைத் திறந்தே காட்டினார். பதினேழு என்று லேபிள் ஒட்டிய இரண்டு பைகள். பொருந்திவிட்டது, முடிவைக் கம்ப்யூட்டரிலும் ஏற்றியாகிவிட்டது, வார்டிலிருந்து ஆர்டர் வந்த நிமிஷம் பையைக் கொடுத்துவிடுவேன் என்றார். அப்படியானால் அந்த முடிவை ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள், நானே கொண்டுபோகிறேன் என்றார் குழாய்க்காரர். லேப்காரம்மா சுவரைக் காட்டினார். பரிசோதனை முடிவுகளை மனிதக் கையாலோ மனித வாயாலோ கொண்டுசெல்வது தடைசெய்யப்பட்டுள்ளது என்று ஒரு சுற்றறிக்கை ஒட்டியிருந்தது. அதற்குக் கீழே நாலு ஆணி ஓட்டை. முன்பு அங்கே டெலிபோன் இருந்ததாம்.

விவரமும் அவரே சொன்னார். லேப்பில் ஓடுவது ஒரு சாப்ட்வேர். வார்டில் ஓடுவது வேறொன்று. இரண்டும் ஒன்றோடொன்று பேசாது. நடுவில் பழைய இணைப்பு ஒன்று நொண்டி நொண்டியாவது ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு சாப்ட்வேரும் எந்த முறையில் பேசிக்கொள்வது நல்லது என்று ஒப்பிட்டுப் பார்க்க ஐந்தாம் மாடியில் ஒரு துறையே இருக்கிறது. இன்றைக்கு அங்கே பெரிய ஒப்பீடு. பழைய இணைப்பு ஓடினால் ஒப்பீடு கலப்படமாகிவிடும் என்று காலை ஒன்பது மணிக்கு அதை நிறுத்திவிட்டார்கள்.

"அஞ்சாம் மாடியில போய்த் திறந்துவிடச் சொல்லுங்க. நாங்க சொன்னா எங்களுக்கே ஒரு சுற்றறிக்கை வரும்" என்றார்.

போகிற வழியில் குழாய்க்காரர் வார்டில் எட்டிப் பார்த்தார். சர்ஜன் அம்மா வேறொரு ஆபரேஷனில் இருந்தார். நடுவில் ஆள் அனுப்பிக் கேட்டாராம். திரையில் 'முடிவு நிலுவையில்' என்று இருந்ததால், லேப் இன்னும் முடிக்கவில்லை என்று போய்ச் சொல்லியிருக்கிறார்கள். வார்டை ஒட்டிய ஆபரேஷன் தியேட்டர் கதவுக்குப் பின்னால் ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. வாஷர் போயிருக்கும் என்று நினைத்தார். அந்த நேரத்திலும் அப்படி நினைத்ததற்காகத் தன்மேலேயே எரிச்சலாக வந்தது.

மனைவி கண்ணைத் திறந்து, கேஸை மூடினீங்களா என்று கேட்டாள். மூடினேன் என்றார். நிஜமா மூடினீங்களா என்றாள். மூடினேன். ரெகுலேட்டரைத் திருப்பினீங்களா, சும்மா அடுப்பை மட்டும் அணைச்சீங்களா என்றாள். அவள் தையல்காரி. இருமுறை அளந்துதான் ஒருமுறை வெட்டுவாள், வீட்டுப் பேச்சில் மூன்று முறை.

"ஒரு தடவை சொன்னா போதும். நான் என்ன செவிடா?" இருபத்திரண்டு வருஷமாக அவர் சொல்லிவரும் பதில்.

"செவிடுதான்" என்றாள் அவள். இதுவும் இருபத்திரண்டு வருஷத்துப் பதில்தான். ஆனால் முகம் துவைத்துப் போட்ட துணி மாதிரி வெளுத்திருந்தது.

ஐந்தாம் மாடி வேறு உலகம். கார்ப்பெட், கண்ணாடிக் கதவு, ஸ்வெட்டர் போட வைக்கும் ஏசி. வரவேற்பில் இருந்த பெண்ணிடம், இணைப்பு அடைத்திருக்கிறதாம், திறக்க வேண்டும் என்றார். அவள் நிமிர்ந்து பார்த்து, நீங்க எந்தத் துறை என்று கேட்டாள்.

"குழாய் வேலைங்க."

அவள் எழுந்தே நின்றுவிட்டாள். ஒரு மணி நேரமாக அவரைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்களாம். ஒரு சாப்ட்வேரிலிருந்து இன்னொன்றுக்குத் தகவல் ஓடுகிற வழிக்கு அந்தத் துறையில் குழாய் என்று பெயர். அன்றைய ஒப்பீட்டுக்கு வெளியூரிலிருந்து ஒரு குழாய் நிபுணரை வரவழைத்திருந்தார்கள். அவர் வரவில்லை. இவர் வந்துவிட்டார். குழாய்க்காரர் விளக்குவதற்குள் கழுத்தில் ஓர் அட்டையை மாட்டி, கையில் ஒரு டீயைக் கொடுத்து, நீளமான மேஜையில் தலைவருக்கு வலப்பக்கம் உட்காரவைத்துவிட்டார்கள். அட்டையில் 'வெளி நிபுணர் – குழாய்' என்று எழுதியிருந்தது. ஒருவிதத்தில் அதில் பொய் எதுவும் இல்லை.

மணி பதினொன்றரை. தலைவர் தொண்டையைக் கனைத்தார்.

"ரெண்டரை வருஷமா இந்தத் துறை ஒரு செய்தியைக்கூடத் தொலைச்சதில்லை. இந்தப் பெருமை வேற எந்த நிறுவனத்துக்கும் கிடையாது. காரணம் எளிமையானது. நாங்க இன்னும் ஒரு செய்தியைக்கூட அனுப்பலை. செய்தி போய்ச் சேர்றது முக்கியம்தான், யாரும் மறுக்கலை. ஆனா எந்த முறையில போய்ச் சேர்ந்துச்சுன்னு தெரியாமப் போய்ச் சேர்ந்தா, அது சேராம இருக்கிறதைவிட ஆபத்து."

எல்லோரும் தலையாட்டினார்கள். செயலாளர் குறித்துக்கொண்டார்.

பிறகு முறைக்கு ஒன்றாக மூன்று கட்சிகள் பேசின. அழைப்புக் கட்சிக்காரர் ஒல்லியாக, டை கட்டியிருந்தார். லேப், வார்டின் கதவைத் தட்ட வேண்டும், வார்டு திறந்து வாங்கிக்கொள்ளும்வரை வாசலிலேயே நிற்க வேண்டும் என்றார். திறக்காவிட்டால்? நிற்க வேண்டும். வரிசைக் கட்சிக்காரர் பருத்தவர். நிற்பது அநாகரிகம் என்றார் அவர். நடுவில் ஒரு பெட்டி வைத்து அதில் போட்டுவிட்டு லேப் தன் வேலையைப் பார்க்கலாம், வார்டு சௌகரியப்பட்டபோது எடுத்துக்கொள்ளும். எப்போது எடுக்கும் என்று கேட்டதற்கு, அது வார்டின் சுதந்திரம் என்றார். மூன்றாவதாகப் பேசிய அறிவிப்புக் கட்சி அம்மையார், முடிவைப் பொதுவில் அறிவித்துவிட்டால் முன்கூட்டியே பெயர் கொடுத்தவர்கள் கேட்டுக்கொள்வார்கள் என்றார். வார்டு பெயர் கொடுத்திருக்கிறதா? விண்ணப்பம் பதினோரு மாதமாகப் பரிசீலனையில் இருக்கிறதாம்.

குழாய்க்காரருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆனால் ஒன்று தெரியும். மேல்மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது என்ன என்று அவருக்குத் தெரியும்.

"வால்வை யாருங்க மூடினது? அதைத் திறந்துட்டா ஓடுமே" என்றார்.

"வால்வு" என்று தலைவர் மெல்லச் சொல்லிப் பார்த்தார். "ரெண்டரை வருஷத்துல இந்தச் சொல் இந்த அறையில ஒலிச்சதில்லை. எழுதுங்க. வால்வு பத்தி ஆராய ஒரு துணைக்குழு. நிபுணரே தலைமை தாங்கட்டும்."

விளக்கை அணைத்துப் பெரிய திரையைப் போட்டார்கள். ஒப்பீட்டுக்கு மாதிரியாக ஓர் உண்மையான செய்தி வேண்டியிருந்ததால், இணைப்பு நின்ற பிறகு முதலில் வந்து காத்திருந்ததை எடுத்துக்கொண்டதாகச் செயலாளர் சொன்னார். திரையில் வந்தது: படுக்கை 17. பொருந்தியது. பை இரண்டு.

குழாய்க்காரர் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. அது தன் மனைவியின் முடிவு என்றும், அவள் ரத்தம் இல்லாமல் படுத்திருக்கிறாள் என்றும், நாலு மணிக்குள் இது கீழே போகவேண்டும் என்றும் சொன்னார். சொல்லும்போதே குரல் உடைந்தது. வெட்கமாக இருந்தது, ஆனாலும் சொல்லி முடித்தார்.

தலைவர் மனம் இளகிப்போனார். நோயாளி தரப்பும் குழுவில் இருப்பது இந்த ஒப்பீட்டுக்கே கிடைத்த சிறப்பு என்றார். "ஆனா மாதிரிக்குன்னு எடுத்த செய்தியை இடையில வெளியே குடுக்க முடியாது. குடுத்துட்டா அது மாதிரியா இருக்காதே. வெறும் செய்தியாயிடும்."

அடுத்த பிரச்சினை, செய்தி எத்தனை தடவை போய்ச் சேர வேண்டும் என்பது. அதிகபட்சம் ஒருமுறை என்றது ஒரு பக்கம்: ஒருதரம் அனுப்பினால் அனுப்பினதுதான், கிடைத்ததா இல்லையா என்று திரும்பிப் பார்க்கக் கூடாது. குறைந்தது ஒருமுறை என்றது இன்னொரு பக்கம்: 'கிடைத்தது' என்று பதில் வரும்வரை அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். நாற்பது நிமிஷம் இதிலேயே போனது.

"ஒரே ஒரு தடவை போய்ச் சேர்ந்தா போதுங்க" என்றார் குழாய்க்காரர். கெஞ்சலாகத்தான் சொன்னார்.

மூன்று கட்சியும் அவரைப் பயபக்தியோடு பார்த்தன. "சரியாக ஒருமுறை" என்றார் தலைவர் மெல்லிய குரலில். "பெரிய பெரிய ஆளுங்களே தொடத் தயங்கற இடம். நிபுணர் துணிஞ்சவர்." அதற்கும் ஒரு துணைக்குழு போட்டுவிட்டு, சாப்பாட்டுக்குக் கலைந்தார்கள்.

குழாய்க்காரர் லிப்டுக்குக் காத்திராமல் படியில் இறங்கி ஓடினார். பொருந்திவிட்டது, என் கண்ணால் பார்த்தேன் என்று ஹெட் நர்ஸிடம் மூச்சு வாங்கச் சொன்னார். ஹெட் நர்ஸ் அவரைத் திரைக்கு அருகில் அழைத்துப்போய்க் காட்டினார். ரத்தம் கேட்கிற பட்டன் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தது. முடிவு வந்தால்தான் அதற்கு உயிர் வரும்.

"நான் உங்களை நம்புறேன். இந்தப் பட்டன் நம்பணுமே" என்றார். சொல்லிவிட்டு அதை இரண்டு தடவை அழுத்தியும் பார்த்தார், பாவம்.

மனைவியின் கை சில்லிட்டிருந்தது. உதடு அசைந்தது. குனிந்தார். தண்ணி என்றாள். ஆபரேஷனுக்கு முன் தண்ணீர் கூடாது என்பதால் பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தார்கள். அவள் மறுபடி கேட்கவில்லை. அவர் காத்திருந்தார். அவள் எதையும் ஒரே ஒரு தடவை கேட்டு அவர் பார்த்ததில்லை.

இரண்டேகாலுக்குக் கூட்டம் மறுபடி கூடியதும் அவர் உட்காரவே இல்லை. என்னை அனுப்புங்கள் என்றார். சீட்டில் எழுதிக் கொடுங்கள், லேப்புக்கும் வார்டுக்கும் நடுவே நாற்பது தப்படிதான், மூன்று நிமிஷத்தில் கொடுத்துவிட்டு வருகிறேன். தலைவர் இதை நிராகரிக்கவில்லை. அவர் எதையும் ஆராயாமல் நிராகரிப்பவர் அல்ல. 'நடைவழி முறை' என்று நாலாவது கட்டம் வரைந்து, மற்ற மூன்றோடும் அதை ஒப்பிட ஆரம்பித்தார்கள்.

"வழியில நீங்க விழுந்துட்டா?" என்றார் அழைப்புக் கட்சிக்காரர்.

"எழுந்து போவேன்."

"ஒரே நேரத்துல எட்டாயிரம் செய்தி வந்தா?"

"எனக்கு ஒண்ணுதாங்க இருக்கு."

மூன்று கட்சியும் ஒருமனதாக ஒத்துப்போன ஒரே தீர்மானம் அன்றைக்கு அதுதான். நடைவழி முறை வேகமானது, மலிவானது, பிழையற்றது. எனினும் ஒரே ஒரு மனைவிக்கு மட்டுமே பயன்படக்கூடியது. எனவே தள்ளப்படுகிறது.

குழாய்க்காரர் கையைப் பிசைந்துகொண்டு கடிகாரத்தையே பார்த்தார். இரண்டு ஐம்பதுக்கு வாக்கெடுப்பு முடிந்து வரிசைக் கட்சி ஜெயித்தது. செய்தி பெட்டி வழியாக, குறைந்தது ஒருமுறை, வார்டுக்கே சோதனையாக அனுப்பப்படும் என்றார் தலைவர். செயலாளர் ஒரு விசையைத் தட்டினார். கைதட்டல் எழுந்தது. குழாய்க்காரர் மறுபடி படியில் ஓடினார். இரண்டு இரண்டு படியாகத் தாண்டினார், அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

வார்டுத் திரையில் முடிவு வந்துவிட்டிருந்தது. படுக்கை 17, பொருந்தியது, பை இரண்டு. பட்டன் பச்சையாகியிருந்தது. ஹெட் நர்ஸ் அதை அழுத்தக் கையை நீட்டுவதற்குள் முடிவு இன்னொரு தடவை வந்தது. பிறகு இன்னொரு தடவை.

நடந்தது இதுதான். கிடைத்தது என்று வார்டு திருப்பிச் சொல்ல ஒரு வழி வேண்டும். அந்த வழியை அமைப்பது வேறொரு துணைக்குழுவின் பொறுப்பு. அந்தத் துணைக்குழு இன்னும் அமைக்கப்படவில்லை. பதில் வராததால் மேலிருந்து செய்தி வந்துகொண்டே இருந்தது. வார்டு கம்ப்யூட்டருக்கோ ஒவ்வொரு வரவும் புது முடிவு. அவசர முடிவுகள் குவிந்ததும் அது யாரையும் கேட்காமல் தானே ரத்தம் ஆர்டர் போட ஆரம்பித்தது. இரண்டு பை, நாலு பை, இருபது பை. ஆர்டர் போகிற வழி தனி, அதை யாரும் மூடவில்லை. நானூற்றுப் பன்னிரண்டாவது தடவையில் நின்றது. லேப் சாப்ட்வேர் எண்ணூற்று இருபத்து நாலு பை கேட்கும் பெண்மணியைப் பார்த்து மிரண்டு, பதினேழாம் படுக்கைக்கு ஒரு பைகூடக் கூடாது, சந்தேகத்துக்கிடமான கோரிக்கை, விசாரணை நடத்துக என்று பூட்டிவிட்டது. பட்டன் மறுபடியும் செத்தது.

மணி மூன்று பதினெட்டு.

அவர் வராந்தாவில் வந்து நின்றார். யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியவில்லை. எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. எல்லோரும் நல்லவர்களாகவே இருந்தார்கள். காதில் அந்தச் சொட்டு விழுந்தது. டக், டக். தியேட்டர் கதவுக்குப் பின்னால், காலையில் கேட்ட அதே குழாய்.

கதவில் நின்ற காவலாளி எங்கே என்று தடுத்தார்.

"குழாய் வேலைங்க" என்றார். கழுத்து அட்டையைத் தூக்கிக் காட்டினார்.

"மூணு வாரமா எழுதிப் போட்டு இன்னிக்குத்தான் ஆள் அனுப்பத் தோணுச்சாக்கும்" என்று முனகிக்கொண்டே காவலாளி கதவைத் திறந்துவிட்டார்.

உள்ளே சர்ஜன் அம்மா முதல் ஆபரேஷனை முடித்துவிட்டு அந்தக் குழாயில்தான் கை கழுவிக்கொண்டிருந்தார். குழாய்க்காரர் கிட்டே போனார். ஒரு தடவைதான் சொல்ல முடியும், அதற்குள் வெளியே தள்ளிவிடுவார்கள் என்று தோன்றியது.

"அம்மா, பதினேழாம் படுக்கைக்கு ரத்தம் பொருந்திடுச்சு. ரெண்டு பை. காலையில ஒன்பதரையில இருந்து லேப் ஃப்ரிட்ஜுல லேபிள் ஒட்டி இருக்கு. நான் அவளோட வீட்டுக்காரன்."

சர்ஜன் அம்மா திரும்பிப் பார்த்தார். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. "ஒன்பதரையா" என்று மட்டும் கேட்டார். பதிலுக்கு நிற்கவில்லை. தியேட்டர் செருப்போடு படியிறங்கி, முற்றத்தைக் குறுக்கே கடந்து, லேப் ஜன்னலில் பூட்டு, விசாரணை என்று எதையோ சொல்ல வந்த கம்ப்யூட்டரைக் காதில் போட்டுக்கொள்ளாமல், ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு இரண்டு பையையும் தன் கையாலேயே தூக்கிக்கொண்டு வந்தார். லேபிளையும் படுக்கையில் இருந்தவளின் மணிக்கட்டுப் பட்டையையும் ஹெட் நர்ஸோடு சேர்ந்து வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்தார். அந்த ஏழு நிமிஷமும் சும்மா நிற்க முடியாமல் குழாய்க்காரர் கீழே இருந்த வால்வை மூடி, குழாயைக் கழற்றி, சட்டைப் பையில் எப்போதும் கிடக்கும் வாஷரில் ஒன்றைப் போட்டு முடுக்கினார். வாஷர் இரண்டு தடவை கையிலிருந்து நழுவியது. மூன்று முப்பத்தைந்துக்குப் படுக்கையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்கள்.

பிறகு காத்திருப்பு. தியேட்டர் வாசலில் உறவினர்களுக்காக ஒரு திரை வைத்திருந்தார்கள். உள்ளே இருப்பவர்களின் நிலவரத்தை அது சொல்ல வேண்டும். பதினேழு, நோயாளி வார்டில் உள்ளார், ரத்தம் விசாரணையில் என்று அது சொல்லிக்கொண்டிருந்தது. நாலரை ஆனது, ஐந்தரை ஆனது. அது வேறெதுவும் சொல்லவில்லை. அவர் அதைப் பார்க்காமல் இருக்க முயன்று, பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஐந்தாம் மாடிச் செயலாளர் அவரைத் தேடிக் கண்டுபிடித்து, கூட்டக் குறிப்பில் கையெழுத்து வாங்க வந்தார். தலைவர் மிகுந்த மகிழ்ச்சியில் இருக்கிறாராம். செய்தி நானூற்றுப் பன்னிரண்டு முறை வெற்றிகரமாகச் சேர்ந்தது என்று முதல் பக்கத்தில் இருந்தது. கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இன்னொன்று: அனுமதியற்ற வேறொரு வழியிலும் செய்தி ஒருமுறை சென்றதாகக் கூறப்படுகிறது. அனுப்பியதற்கோ பெற்றதற்கோ பதிவு இல்லாததால் அது ஒப்பீட்டில் சேர்க்கப்படவில்லை. குழாய்க்காரர் கழுத்து அட்டையைக் கழற்றி அந்தக் குறிப்பின்மேல் வைத்துத் திருப்பிக் கொடுத்தார். வால்வு துணைக்குழு அடுத்த மாதம் கூடுகிறது, மறந்துவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டுச் செயலாளர் போனார்.

ஆறு மணிக்குக் கதவு திறந்தது. முகக்கவசத்தைக் கீழே இழுத்தபடி ஒரு நர்ஸ் வந்து, பதினேழுக்கு யாரு என்று கேட்டாள். அவர் எழுந்தார்.

"நல்லபடியா முடிஞ்சுது. முழிச்சுட்டாங்க. கேஸை மூடினீங்களான்னு உங்ககிட்ட கேக்கச் சொன்னாங்க."

அவர் அப்படியே நின்றார். நர்ஸுக்கு அவர் முகத்தைப் பார்த்துச் சந்தேகம் வந்தது. ஓர் அடி கிட்டே வந்து, குரலை உயர்த்தி, நல்லா இருக்காங்க, கேஸை மூடினீங்களான்னு கேட்டாங்க என்று மறுபடி சொன்னாள். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிச் சட்டையில் விழுந்துகொண்டிருந்தது.

"ஏங்க, உங்களுக்குக் காது கேக்காதா?"

"கேக்காதும்மா" என்றார் குழாய்க்காரர். "இன்னொரு தடவை சொல்லு."